நான் கையெழுத்துப் போடாத லேடாங் வரைபடம்

இண்டியன் இங்க் வாடையும், அவித்த மரவள்ளிக் கிழங்கு வாடையும்... ஜப்பான்காரன் காலம் என்றதும் முதலில் மூக்கில் ஏறுவது இந்த இரண்டும்தான். இன்றைக்கு எண்பத்தாறு வயது. இன்னும் போகவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது. மலாக்காவில், சர்வே ஆபீசில் டிரேசர் வேலை. வரைபடத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, கோடு பிசகாமல் மையில் நகல் எடுக்க வேண்டும். பக்கத்து மேசையில் நடராஜா. காஜா பெராங் தெருவில் இருக்கும் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். நான் குடியிருந்த வாடகை அறையும் அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான்.

மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு. கிழங்கைத் தின்று முடிக்க ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் பசி... அதை மறக்க நடராஜா ஒரு வழி கண்டுபிடித்தான்.

"சண்ட முடியட்டும் லா. நாம ரெண்டு பேரும் குனோங் லேடாங் போறோம். ஏறுன வழியா இறங்கக் கூடாது. முகடு முகடாவே நடந்து, ஒரு பெரிய சுத்து சுத்தி, அஞ்சாம் நாளு இறங்கணும்."

குனோங் என்றால் மலை. அவன் சொன்னது மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

ஆபீசில் இருந்த பழைய படத்தைப் பார்த்து, கழித்துப் போட்ட துணித் துண்டில் வரைய ஆரம்பித்தோம். பென்சில் நான், மை அவன். இரவு தங்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சின்ன முக்கோணம். ஓரத்தில் சாப்பாட்டுப் பட்டியல். அரிசி நாலு கட்டி, அதாவது இரண்டரைக் கிலோ, கருவாடு, சீனி, பால் டின் இரண்டு. அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக் கணக்காகியிருந்தது. ஆனால் கருவாட்டை வறுப்பதா சுடுவதா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். சிரிக்காதீர்கள். அந்த ஒரு வாரம் வயிறு நிறைந்த மாதிரியே இருந்தது.

இங்கேதான் எங்கள் தொழில் எங்களைக் கெடுத்தது. எந்த டிரேசரும் படத்தின் கீழ் மூலையில் ஒரு கட்டம் போடாமல் எழுந்திருக்க மாட்டான். 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று அதில் இரண்டு பெயர் வர வேண்டும். விளையாட்டுக்கு வரைந்தாலும் கை அதைப் போட்டுவிடும். நடராஜா தன் முழுப் பெயரையும் அழகாக எழுதி, படத்தை என் பக்கம் தள்ளினான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாம் நாள் தங்கும் இடத்தில் அவன் ஓர் ஊற்றைக் குறித்திருந்தான். மூலப் படத்தில் அங்கே தண்ணீரே கிடையாது.

"தண்ணி இல்லாத எடத்துல எவன் சோறாக்குவான்? அத அழி, அப்பதான் போடுவேன்."

"இருக்கும்டா. ரெண்டு முகடு இப்படி வந்து சேர்ற எடத்துல ஊத்து இல்லாம போவுமா?"

தினமும் மதியம் கேட்பான். "பெலும்" என்பேன். இன்னும் இல்லை என்று அர்த்தம். எல்லாம் வீம்பு.

ஒரு நாள் காலையில் ஜப்பான் அதிகாரி ஒருவர் இரண்டு சிப்பாய்களோடும் ஒரு மொழிபெயர்ப்பாளரோடும் வந்தார். மேசை டிராயர்களை எல்லாம் கவிழ்த்தார்கள். நடராஜாவின் டிராயரிலிருந்து எங்கள் துணிப் படம் விழுந்தது. ஜப்பான்காரனை எதிர்த்தவர்கள் காட்டில் ஒளிந்திருந்த காலம் அது. மலை முகட்டில் ஐந்து நாள் வழி, தங்குமிடம், அரிசிக் கணக்கு... எங்கள் பகல் கனவு அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெயரைப் படித்தார்கள். நடராஜா எழுந்து நின்றான். மொழிபெயர்ப்பாளர் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல கையெழுத்து போட வேண்டிய ஆளு யாரு?"

"யாரும் இல்ல துவான். நா மட்டுந்தான்."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குனிந்து பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'நானும்' என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. பயம். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

அவன் அம்மா தினமும் சாயங்காலம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் வேலை முடிந்து வருவதைப் பார்த்ததும், பிள்ளை திரும்பிவிட்டானா என்று மலாயில் கேட்பார்.

"பெலும், மாக்."

அவனுக்குச் சொன்ன அதே பதில். சண்டை முடிந்த பிறகும் அதைத்தான் சொன்னேன். போகி அன்று செத்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் படைப்பது அவர்கள் வழக்கம். மகனுக்கு மட்டும் அந்த அம்மா பல வருடம் இலை போடவில்லை. போட்ட வருடம் என்னைக் கூப்பிட்டு, அவன் கடைசியாக என்ன சாப்பிட ஆசைப்பட்டான் என்று கேட்டார். பட்டியல் எனக்கு மனப்பாடம். அரிசிச் சோறு, கருவாடு, சீனி, பால்... சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

போன வாரம் ஆயர் குரோவில் இருக்கும் என் பேரன் ஒரு தாளோடு வந்தான். நண்பர்களோடு லேடாங் முகடுகளைச் சுற்றி நாலு நாள் நடக்கப் போகிறானாம். கம்ப்யூட்டரில் எடுத்த வரைபடம். வழியை ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் ஊருக்கே காட்டிவிட்டான். எல்லாரும் லைக் போட்டிருக்கிறார்கள். யாரும் வந்து அவன் டிராயரைக் கவிழ்க்கவில்லை. பை கனக்கிறது என்று அரிசியைக் குறைத்துவிட்டானாம்.

"தாத்தா, நீங்க சர்வே ஆளுதான... ஒரு தடவ செக் பண்ணிச் சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் முதலில் தேடியது அந்த ஓர் இடத்தைத்தான். இரண்டு முகடு சேரும் இடம். பக்கத்தில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு.

"அங்க தண்ணி இருக்கா?"

"வருசம் பூரா இருக்கும் தாத்தா. எல்லாரும் அங்கதான் சமைப்பாங்க."

நடராஜா சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு. அந்தத் தப்பால்தான் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.