அணில் விடாமல் கத்தினால்

இன்று காலை பூஜையில் கற்பூரம் ஏற்றும்போது பின்சுவரில் அணில் விடாமல் கத்தியது. "மயிலம் முருகா, மன்னிச்சுக்கப்பா" என்று தட்டை வைத்துவிட்டு, தூளியில் தூங்கும் மகளிடம் ஓடினேன்.

திண்டிவனம் ரோட்டை அகலமாக்க வெட்டிப்போட்டார்களே, அந்தப் புளியமரங்களில்தான் அம்மா என் தம்பிக்குத் தூளி கட்டுவாள். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை வெட்டிக்கினே, மைனாவும் கிளியும் அணிலும் போடும் இரைச்சலில் ஒரு காதை அங்கேயே வைத்திருப்பாள். ஒருநாள் அணில்கள் ஒரே மூச்சாகக் கத்த, களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"புருசன் கூப்ட்டா இம்மாம் ஜல்தியா ஓடுவியாடி?" என்று கூட வேலை செய்த பெரியம்மா சிரித்தாள்.

"அதுங்க சும்மா கத்தாதுக்கா!"

தூளிக்கு நேர்மேலே, அணில் கூட்டைப் பார்த்துப் பாம்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா தம்பியை வாரியெடுத்துக்கொண்டு விலகினாள். "அது தன் குட்டிக்குக் கத்துச்சு. சாமி என் காதுலயும் போட்டுச்சு" என்றாள்.

இன்று சுவரில் இருந்தது பூனைதான். மகள் நன்றாகத் தூங்கினாள். மறுபடி கற்பூரம் ஏற்ற உட்கார்ந்தேன், முடியவில்லை. அணில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதற்கும் குட்டி இருக்குமே என்று, பூனையை விரட்டத் துடைப்பத்தோடு வெளியே போனேன்.