குளவி இல்லாத கட்டுரை

இயற்கையைப் பற்றி எழுதி நான் வாங்கிய முதல் பரிசுக்கு மண்டபமே கை தட்டியது, அம்மாவைத் தவிர.

அப்போது எனக்குப் பத்து வயது. எல்கடுவை ஊருக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சுற்றாடல் தினத்துக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எல்லோரும் மயிலையும் தாமரையையும் எழுதிக் கொடுத்தோம். இரண்டையும் நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம். டீச்சர் அத்தனையையும் திருப்பிக் கொடுத்து, "கண்ணால பார்த்ததை எழுதுங்க" என்றார்.

நான் பார்த்தது ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். மலையின் ஓரத்தில், பெரிய சவுக்கு மரத்தடியில் நான்கு நிரை தேயிலை மட்டும் யாரும் கை வைக்காமல் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. "அந்தப் பக்கம் போகாத, மரத்துல குளவி இருக்கு" என்றாள் அம்மா. போகாதே என்றால் போகிற வயது எனக்கு. அவள் வேறு பக்கம் திரும்பியதும் போனேன். செடியெல்லாம் பூ! தேயிலை பூக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். வாரா வாரம் கிள்ளப்படுகிற செடிக்குப் பூக்க நேரம் ஏது? வெள்ளை இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள், முட்டை பொரித்த மாதிரி. மேலே கிளையில் குளவிக் கூடும் தொங்கியது. பானை அளவு இருக்கும்.

கட்டுரையில் பூவை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எந்த மலை, எந்த மரத்தடி என்று வழிகூடச் சொன்னேன். குளவியை விட்டுவிட்டேன். இயற்கை என்றால் அழகாக இருக்க வேண்டுமே.

பரிசளிப்புக்கு, தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை வந்திருந்தார். மேடையில் நானே கட்டுரையை வாசித்தேன். அவர் கவனமாகக் கேட்டார், தலையைக் கூட ஆட்டினார். கீழே அம்மா மடியில் கையைக் கோத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரி வரை அவளோடு பேசவில்லை.

மலையில் நடந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த வீட்டுச் சித்தி சொன்னார். கூட்டை எடுத்துத் தரும்படி கொழுந்து பறிக்கும் பெண்கள் தோட்டத்து ஆபீஸில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்த நான்கு நிரையைத் தொடாமல் விடுவதென்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கண்டும் காணாமல் இருந்தார். பரிசளிப்பு முடிந்த திங்கட்கிழமை சின்னத்துரை நேராக அந்த மரத்தடிக்கே போய் நின்று, அந்த நிரைகளையும் பறிக்கச் சொன்னாராம்.

"குளவி இருக்குங்க ஐயா" என்றிருக்கிறார்கள்.

"இந்தப் பொம்பளையோட பிள்ளையே வந்து பூப் பார்த்துட்டுப் போயிருக்கு. அத கொட்டலையே?"

முதலில் நிரைக்குள் இறங்கியது அம்மாதான். என் பிள்ளை எழுதினதுக்கு வேறு யாரும் கொட்டு வாங்க வேண்டாம் என்று மற்றவர்களைக் கையால் தடுத்துவிட்டுப் போனாளாம்.

அப்போது இதில் எதுவும் தெரியாத நான், மாத்தளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. அந்தக் கட்டுரையை எடுத்துவந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"குளவிய ஏன் எழுதல?"

"அது அழகா இல்லம்மா."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். உதடு வீங்கியிருந்ததால் முழுசாக முடியவில்லை. பிறகு, பன் மாதிரி உப்பிப்போயிருந்த இரண்டு கைகளையும் தூக்கி, சத்தமே வராமல் மெதுவாகத் தட்டினாள்.

பிந்தியாவது தட்டினாளே என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.