முதல் குவளை

1. கையில் இருந்த போத்தல்கள்

பம்பிலிருந்து நீர் கொட்டியது. குடிக்க ஒருவரும் முன்வரவில்லை. வடக்குக் கென்யாவின் வறண்ட சிற்றூர் ஒன்றில், புதிய ஆழ்துளைக் கிணற்றின் ஒருபுறம் ஊரார் குடங்களோடு நின்றனர், மறுபுறம் நாங்கள்.

நான் பினாங்குத் துறைமுகத்தில் பம்பு ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன், சைவன். பாயான் பாருவில் என் அடுத்த வீட்டுக்காரரான பாஸ்டர், தம் சபையின் ஊழியப் பயணத்துக்குக் கைப்பம்பு பொருத்த ஆள் தேடினார். "நீங்க பதிகம் பாடுங்க, நாங்க ஜெபம் பண்றோம். பம்பு ஒண்ணும் கோவிச்சுக்காதுலா, அண்ணே" என்றார். நீரும் நிலமுமாய் நிற்பவனை நாள்தோறும் பாடுகிற வாய்க்கு மறுப்பு வரவில்லை.

வேலை செம்மையாகவே நடந்தது. நீரை மேலேற்றும் ரைசர் பைப்பைக் கிணற்றுக்குள் இறக்கினோம்; குளோரின் ஊற்றி, வாடை போகும்வரை இறைத்துக் கழித்தோம். எங்கள் நர்ஸ் கிரேஸ் நீரைச் சோதித்து, "சுத்தம்" என்றும் சொல்லிவிட்டாள்.

ஊர்த்தலைவி நக்கிரு அம்மையார் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏதோ சொன்னார். உள்ளூர் ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தார். நம் பேச்சில் சொன்னால் இப்படி: "முன்னே ஒரு கூட்டம் கிணறு வெட்டுச்சு. அதைக் குடிச்சு எங்க பிள்ளைங்க படுத்துட்டாங்க. நீங்க உங்க தண்ணியைப் பெட்டியிலயே கொண்டு வந்துட்டீங்க. அப்போ இது யாருக்கு?"

குனிந்து பார்த்தோம். அத்தனை பேர் கையிலும் மினரல் வாட்டர் போத்தல்! கல்யாணமோ திருவிழாவோ, வந்தவர் கையில் போத்தலைத் திணித்தே பழகியவர்கள் நாங்கள். திறப்பு விழாவிலும் முதல் வேலையாக அதைத்தான் செய்திருந்தோம்.

அம்மையார் கைகாட்டினார். பெண்கள் குடங்களைத் தலையிலேற்றி, மாடுகள் இறங்கும் பழைய குட்டையை நோக்கித் திரும்பினர்.

2. வயிற்றுச் சோதனை

நான் ஒரு குவளையைப் பம்பின் கீழ் நீட்டிப் பிடித்தேன். கிரேஸ் என் கையைப் பற்றினாள்.

"வேணாம் அங்கிள், வயித்துக்கு ஆகாது!"

"டெஸ்ட் பண்ணது நீதானேம்மா?"

"அது அவங்களுக்குலா! நமக்கு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் குடித்தேன். கிரேஸ் குவளையைப் பிடுங்கி மூச்சுவிடாமல் குடித்தாள். பாஸ்டர் குழாயடியில் வாயைத் திறந்தார். அம்மையாரே கைப்பிடியைப் பிடித்து அடித்த அடியில் பாஸ்டரின் வெள்ளை அங்கி முழுதும் நனைந்தது. "ஞானஸ்நானம் வாங்குற வயசா எனக்கு!" என்று அவர் கூவ, போன குடங்கள் திரும்பி வந்தன.

ஆயினும் அம்மையார் தீர்ப்பை ஒத்திவைத்தார். "காலையில உங்க வயித்தைப் பார்த்துட்டுத்தான் நாங்க குடிப்போம்."

விடிந்ததும் எங்கள் கூடாரத்தின் முன் ஊரே கூடியிருந்தது. கழிப்பறைக்குப் போன ஒவ்வொருவரையும் எண்ணற்ற கண்கள் பின்தொடர்ந்தன; திரும்பியவருக்குக் கைதட்டல். பாஸ்டருக்குச் சற்றே நேரமானபோது கூட்டம் மூச்சையடக்கியது. அவர் இரு கைகளையும் உயர்த்தி வெளிவந்தார். குலவை கிளம்பிற்று! "வயிறு நல்லா இருக்கான்னு கிழவர் ஆடிக் காட்டட்டும்" என்றார் அம்மையார் என்னைச் சுட்டி. தில்லையில் ஆடுபவனைப் பாட மட்டுமே அறிந்த கால்கள் அன்று புழுதி பறக்க ஆடின.

அம்மையார் சிரித்து முடித்து, பம்படிக்கு நடந்து, தம் பேத்திக்கு முதலில் புகட்டி, பிறகு தாம் குடித்தார்.

இளம் ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் பொருத்திய பம்பின் முதல் குவளையை நீங்களே குடியுங்கள். படமும் பேச்சும் பிறகு. குடிக்கத் தயக்கமாக இருந்தால் வேலை முடியவில்லை. ஸ்பேனரை மீண்டும் எடுங்கள்.