முடிசூட்டு மேட்டுக்கு மண்

எல்லா மாவட்டத்து மண்ணையும் ஒரு மேடாகக் குவித்து, அதன்மேல் குதிரையேறி நாற்றிசையும் வாள்வீசி, நாட்டைக் காப்பேன் என்று காட்டுவது ஹங்கேரியில் முடிசூடும் மன்னனின் கடன். தாத்தாரியர் வந்தனர், துருக்கியர் ஆண்டனர், வியன்னாவின் கை ஓங்கியது. மணிமுடி மட்டும் எஞ்சியது. 1916 குளிர்காலத்தில், போர் நடுவே, முதிய மன்னர் இறந்தார். புதியவருக்கு மேடு எழுந்தது.

ஹாரோம்சேக் மாவட்ட மாளிகைச் சேவகர் ஆம்ப்ருஷுக்கு ஒரு பெட்டி மண் வெட்டிவரக் கட்டளை. முன்னோர் தாத்தாரியரை முறியடித்த புல்வெளி மண்தான் வேண்டுமாம். இலையுதிர்காலத்தில் ருமேனியரோடு நடந்த எல்லைப்போரில் மாண்டவர்களைப் புதைத்ததும் அவ்வெளியில்தான். அவருடைய ஒரே மகன் கெர்கெய் அங்கேதான் கிடந்தான்.

உறைந்த நிலத்தில் கடப்பாரை துள்ளித் தெறித்தது.

"அண்ணே, ராசா தலையில முடி ஏறுறதுக்குள்ள எம் முதுகு ஒடிஞ்சிரும்போல" என்றான் கூலியாள் டொமொகோஷ்.

எழுத்தர் கால்மான் கடிகாரத்தைப் பார்த்தார். "ரயிலு நமக்காக நிக்குமாய்யா? அதோ அந்த மேட்டுல மண்ணு இளகியிருக்கும். வெட்டு."

அவர் காட்டியது சிலுவை நட்ட கெர்கெயின் புதைமேடு. ஆம்ப்ருஷ் அதன்முன் போய் நின்றார்.

"இது வேணாங்க ஐயா."

"அப்ப எங்க வெட்டுறது, என் தலையிலயா?"

ஆம்ப்ருஷின் கை, வேலியோரம் சிலுவையின்றிக் கிடந்த மேட்டை நோக்கி நீண்டது. டொமொகோஷ் திகைத்தான். அதில் கிடந்தவன் ருமேனியச் சிப்பாய். புதைத்தவர்கள் இவர்கள் இருவருமே. கால்மான் அதை அறியார்.

"எதிராளி மேல கிடந்த மண்ணையா நம்ம ராசா குதிரைக்குக் கீழ போடப்போற?" என்று கிசுகிசுத்தான்.

"எம் புள்ள தூங்கட்டும்டா. வாய மூடிட்டு அள்ளு."

புடாபெஸ்டில், பெட்டி சுமந்த ஆம்ப்ருஷும் கூட்டத்தில் நின்றார். குதிரை மேடேறியது, வாள் கிழக்கே நீண்டது. "வாழ்க!" என்று நகரமே முழங்கிற்று. ஆம்ப்ருஷின் கண்கள் குளம்புகளை விட்டு அகலவில்லை.

இரண்டே ஆண்டில் ருமேனியப் படை ஹாரோம்சேக்குள் வந்தது. தங்கள் வீரரின் எலும்புகளைத் தேடி அதிகாரிகள் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது.

"வந்து வேலியோரத்து மேடு எங்கன்னு கேட்டா என்னண்ணே சொல்லுவ?" என்றான் டொமொகோஷ்.

ஆம்ப்ருஷ் மறுநாட்காலையில் புல்வெளிக்குப் போய், மகனுடைய பெயர் வெட்டிய சிலுவையைத் தம் கையாலேயே பிடுங்கினார். வேலியோரம் மண்ணெடுத்த இடத்தைப் போலவே அந்த மேட்டையும் அடையாளமின்றி மிதித்துச் சமமாக்கினார்.