பதிவேட்டில் ஒரு போர்க்கப்பல்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு வெள்ளைக்கார அரசு போரிட்ட எமர்ஜென்சி காலத்தில், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் மருந்தறையைக் கவனிக்கும் டிரெஸராக இருந்தேன். ஒரு மத்தியானம், ரப்பர் காட்டு ஓரமாகச் சைக்கிளில் வந்த என்னைத் துப்பாக்கியோடு ஒருவன் நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் தொடையில் சீழ்பிடித்த காயத்தோடு கிடந்தான். கழுவிக் கட்டுப்போட்டு, பையிலிருந்த மாத்திரைகளைக் கொடுத்தேன். காட்டுக்காரர்களுக்கு உதவியது வெளியே தெரிந்தால் சிறை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் காலையில் ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். நேராக மருந்தறைக்குள் நுழைந்து நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"மேன் ஆஃப் வார்னு எழுதியிருக்கே. சண்டைக்காரனுக்கா மருந்து போட்டே?"

காட்டு விஷயம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் அந்த வரியைப் பார்த்தேன். கடலில் குளிக்கப் போய்க் கொப்புளங்களோடு திரும்பிய லோரி டிரைவருக்கு நான் எழுதியது.

"ஐயா, அது கடல் ஜந்துங்க. ஜெல்லி மீன் மாதிரி. மேல பட்டா நெருப்பாச் சுடும்."

"ஜந்துக்கு எவன்யா அப்படிப் பேர் வைப்பான்?"

"வெள்ளைக்காரன் வெச்சதுங்க. அந்தக் காலத்துப் போர்க்கப்பலை இங்கிலீஷ்ல மேன் ஆஃப் வார்னுதான் சொல்லுவாங்க. இதுக்கு மேல ஒரு காத்துப் பை இருக்கும். மெதக்கறப்போ பாய் விரிச்ச போர்ச்சுகீஸ் கப்பல் மாதிரியே தெரியுமாம்."

டிரைவரைத் தாக்கியது அதுதானா என்று எனக்கே நிச்சயமில்லை. புத்தகப் படத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். ஆனாலும் நிறுத்தாமல் பேசினேன். நிறுத்தினால் மருந்து அலமாரியைத் திறக்கச் சொல்லி, குறைந்த மாத்திரைகளுக்குக் கணக்குக் கேட்பாரோ என்ற பயம்.

இன்ஸ்பெக்டர் டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார். டிரைவர் வந்து சட்டையைக் கழற்றி, மார்பில் சவுக்கடிபோல் ஓடிய தழும்புகளைக் காட்டினார்.

"இனிமே தமிழ்லயே எழுதுலா. இந்தப் பேரு உன்னை உள்ள தள்ளிடும்," என்று சிரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் போனார்.

ஜீப் மறைந்ததும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். போலீஸ் வந்துபோன செய்தி அதற்குள் மனைவிக்கு எட்டியிருந்தது.

"அதான் விட்டுட்டாங்களே, இன்னும் ஏன் நடுங்குறீங்க?" என்றாள் மனைவி.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள்.

அங்கிருந்து போய்விடத் தேடியும், சபாக் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது. அதுவரை ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் போதும், போலீஸ் ஜீப்போ என்று அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மருந்தறை வாசலில் வந்து நிற்பாள்.