கண்ணைக் கட்டிச் சோதித்த வெப்சைட்டும் என் அத்தையும்

உலகத்தில் இதுவரை பிறந்த, இனிப் பிறக்கப்போகிற அத்தனை அரசாங்க வெப்சைட்டுகளும் கெட்ட கனவில் காண்கிற முகம் என் அத்தையுடையது. அவள் கீபோர்டில் ஒரு தட்டு தட்டினால் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நேராக நிற்கும். சர்வர்கள் அம்மாவைக் கூப்பிட்டு அழும். பெரிய பெரிய செயலாளர்களுக்குத் தங்கள் பாஸ்வேர்டே மறந்துபோகும். இதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. அடக்கம் கருதிக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்லூரியில் படிக்கும்போது பார்வை ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்து, படிப்பு முடிவதற்குள் நடுவிலும் அணைந்துவிட்டது. அதனால் அவள் சாந்தமாகிவிட்டாள், ஞானியாகிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கிப் பார்க்கட்டும். பாத்ரூமில் பாடுவாள், சுருதி பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டிருக்கும். சமையலறையில் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் வீட்டையே கோர்ட்டாக்கிவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் பத்தாவதோடு ஒருவருக்கொருவர் விடுதலை கொடுத்துக்கொண்டோம் என்பதை, கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொல்லுவாள்.

அவளுடைய வேலை இதுதான்: அரசாங்கம் ஒரு வெப்சைட் செய்தால், அதைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர் எல்லாம் அடுத்தவர் துணையில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்து, தேறியது, தேறவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மின்சார ஆபீஸ் வெப்சைட்டில் ஒரு புகார் பதிய ஒரு நாள் முழுக்கப் போராடி, கடைசியில் அந்த வெப்சைட்டின் மீதே இன்னொரு புகார் எழுதியவள் அவள். அந்தப் புகாரைப் படித்த ஒரு தணிக்கைக் கம்பெனிக்காரர், "இவ்வளவு திட்டத் தெரிஞ்சவங்க வெளியில இருக்கக் கூடாது" என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டாராம். அத்தை சொல்வதுதான். விசாரிக்க நான் போகவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஒரு மென்பொருள் அவளிடம் இருக்கிறது. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் வாயாடி. வாயாடி பேசும் வேகத்தில் எனக்குக் கேட்பது கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும்தான். அத்தைக்கு அது பக்கம் பக்கமாகப் புரியும். ஒருநாள் அதன் குரலை ஒரு சின்னப் பாப்பாவின் குரலுக்கு மாற்றிவைத்தேன். அன்று முழுவதும் அத்தை என்னிடமும் அதே பாப்பாக் குரலில் பேசினாள், என் சிநேகிதிகள் வந்திருந்தபோதும்.

அவள் கூடவே உட்கார்ந்து கேட்டதில் எனக்கு ஒன்று தெரிந்தது. வெளியே பளபளவென்று இருக்கிற வெப்சைட்டுக்கு உள்ளே எலி செத்துக் கிடக்கிறது. விண்ணப்பத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி என்று நமக்குத் தெரியும். வாயாடி சொல்வது: "எழுதும் இடம். எழுதும் இடம். எழுதும் இடம். பட்டன்." என்ன எழுதுவது, எதற்குப் பட்டன்? அதை யாரும் உள்ளே எழுதிவைக்கவே இல்லை. ஒரு சைட்டில் சக்கர நாற்காலிப் படம் போட்ட உதவிப் பட்டன் இருந்தது. அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். மௌஸ் இல்லாதவர் அதற்குள் போனால் வெளியே வரவே முடியாது. இன்னொரு துறை, "எல்லோருக்கும் எளிய அணுகல், எங்கள் உறுதிமொழி" என்று ஒரு பக்கம் எழுதி, கையெழுத்து போட்டு, அதைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவை சைட்டில் மாட்டியிருந்தது. வாயாடி அதைப் படித்த விதம்: "படம்." அவ்வளவுதான் உறுதிமொழி.

இந்தப் பெருமக்கள் வரிசையில் கடைசியாக வந்தது பேருந்துத் துறை.

மாற்றுத்திறனாளிகளுக்கான இலவச பஸ் பாஸை இதுவரை ஒரு கவுன்டரில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் பெயரைச் சொன்னால் புதுப்பித்துக் கொடுத்துவிடுவாள். இனி எல்லாம் ஆன்லைன், கவுன்டருக்குப் பூட்டு என்று துறை முடிவெடுத்தது. ஒரே ஒரு தடை, சட்டப்படி அத்தை அந்த சைட்டைச் சோதித்துத் தேறியது என்று எழுதித் தர வேண்டும். எழுதினால் கவுன்டர் மூடப்படும். தேறவில்லை என்றால் திறந்திருக்கும்.

அத்தையின் தோழி ஒருத்தி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அவளுக்கும் கண் தெரியாது, தனியாக இருக்கிறாள். நான் டெலிபோன் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய பாஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. வெள்ளோட்டத்துக்கு விட்டிருந்த புது சைட்டில் முயற்சி செய்து பார்த்துவிட்டு அத்தையிடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது.

"அதுல நான் எங்க நிக்கிறேன்னே தெரியலடி. கவுன்டரை மூடிட்டா ரெண்டு பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்து என்னால வேலைக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட என் நம்பரு, பாஸ்வேர்டு எல்லாத்தையும் குடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"நிக்க வேணாம். நான் போய்ப் பாக்குறேன்" என்றாள் அத்தை.

சோதனை அவர்கள் அலுவலகத்திலேயே நடந்தது. எட்டாவது மாடி, குளிர்பதன அறை, மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரு கப்பல் நீளத்துக்கு மேசை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எதிரில் துறை அதிகாரி. அவருக்கு நான் அன்றே பெயர் வைத்துவிட்டேன்: பச்சை டிக். கம்ப்யூட்டரே வெப்சைட்டைச் சோதித்து மார்க் போடுகிற ஒரு கருவி இருக்கிறது. அதில் வந்த பச்சை டிக்கைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். என் அப்பா எங்கள் குடும்பப் போட்டோவைக்கூட அவ்வளவு நேராக மாட்டியதில்லை.

"நாங்களே டெஸ்ட் பண்ணிட்டோம் மேடம். ஸ்டாஃப் அத்தனை பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. எல்லாருக்கும் பாஸ் வந்துடுச்சு."

"கண்ணைக் கட்டிக்கிட்டு மௌஸை எப்படி சார் நகத்துனாங்க?"

"பக்கத்துல ஒருத்தர் நின்னு சொன்னாரு மேடம். இடது, இன்னும் இடது, கீழ, ஆங், அழுத்துன்னு."

"அவருக்கும் சேத்துப் பாஸ் குடுங்க சார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நின்னு சொல்லணும்ல?" என்றாள் அத்தை. பச்சை டிக் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

சோதனை தொடங்கியது. எல்லோருக்கும் புரியட்டும் என்று வாயாடியின் வேகத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். பெயர், எண் எல்லாம் எப்படியோ தடவித் தடவித் தாண்டிவிட்டாள். அப்புறம் வந்தது சனியன்.

"நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கவும். படகு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது வாயாடி. "படம் ஒன்று. படம் இரண்டு. படம் மூன்று."

"இது எதுக்கு சார்?"

"பாதுகாப்பு மேடம். ரோபோ வந்து பாஸ் வாங்கிடக் கூடாதில்ல?"

"வாங்கி எங்க சார் போகப் போகுது, மாமியார் வீட்டுக்கா?"

நான் சத்தமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தை கீபோர்டில் அம்புக்குறி விசையைத் தட்டினாள். படம் ஒன்று, படம் இரண்டு. எதில் படகு, எதில் பாலம் என்று வாயாடி எப்படிச் சொல்லும்? "நேரம் முடிந்தது" என்றது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். பெயர், எண், படம் ஒன்று, படம் இரண்டு. நேரம் முடிந்தது. திரும்ப ஆரம்பித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. தெருவில் மழை நிற்கட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி இருந்தாள்.

பச்சை டிக் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்தார். தணிந்த குரல் என்பது அவர் நினைப்பு. "பாவம். கம்ப்யூட்டர் அவ்வளவா பழக்கமில்ல போல. இவங்களை எதுக்கு அனுப்புறாங்க?"

பழக்கமில்லையாம். என் அத்தைக்கு. சட்டம் போட்டு மாட்டிய பச்சை டிக்கை எடுத்து அந்த ஆள் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. கவுன்டர், டெலிபோன் அக்கா, எல்லாம் அந்த நிமிஷம் என் மண்டையை விட்டுப் போய்விட்டது. இவள் ஜெயிக்க வேண்டும், இவர்கள் மூஞ்சி தொங்க வேண்டும், அவ்வளவுதான். மௌஸ் என் பக்கம் இருந்தது. எல்லோரும் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் கையை யாரும் பார்க்கவில்லை. சத்தம் வராமல் மெதுவாக அழுத்தினேன். படகு, படகு, மூலையில் இன்னொரு படகு. சமர்ப்பிக்கவும்.

"வாழ்த்துகள். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்றது வாயாடி.

பச்சை டிக் எழுந்தே விட்டார். கை தட்டினார். "பாத்தீங்களா மேடம்! நான் சொல்லல? அடுத்த வாரம் திறப்பு விழா. நீங்கதான் சிறப்பு விருந்தினர்."

அத்தை கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் சார். நான் மூணாவது படத்துல நின்னுட்டிருந்தேன். இப்ப கடைசிப் பக்கத்துல இருக்கேன். நான் நடக்கல. ரோட்டோரமா யாருக்காவது காத்துக்கிட்டு நிப்பேன், ஒரு புண்ணியவான் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டுட்டு, நல்லது பண்ணிட்டோம்னு போயிடுவாரு. அதே மாதிரி இருக்கு."

"எங்க சிஸ்டம் அவ்வளவு ஸ்மார்ட் மேடம்..."

"சிஸ்டத்துக்குக் கை இல்ல சார். என் அண்ணன் பொண்ணுக்கு இருக்கு. வந்ததுலேருந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருந்தா. நடுவுல கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் நின்னுச்சு. அப்பதான் நான் தேறியிருக்கேன்."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"எழுதிக்குங்க" என்றாள் அத்தை. "கண்ணு தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து மௌஸைத் தொட்டா இந்த சைட் வேலை செய்யுது. உங்க ஸ்டாஃபுக்குச் செஞ்ச மாதிரியே. தனியா இருக்கிறவங்களுக்குச் செய்யல. தேறல. கவுன்டர் திறந்திருக்கணும்."

"மேடம், விழாவுக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சே!"

"விழா நடக்கட்டும் சார். ரிப்பனைக் கவுன்டர்ல கட்டி வெட்டுங்க. அந்தம்மாவும் ஒருநாள் போட்டோவுல வரட்டும்."

பச்சை டிக் உட்கார்ந்தார். உட்காரும் சத்தத்திலேயே அத்தையின் அறிக்கையில் கையெழுத்து போடுவார் என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. போடவும் செய்தார். வாசலில் நின்றபடியே டெலிபோன் அக்காவைக் கூப்பிட்டு, "நாளைக்கே போய்ப் புதுப்பிச்சுக்க, பழைய இடத்துலதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். என் முழங்கையைப் பிடித்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று தோள் இரண்டையும் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, சைட் வேலை செய்யலன்னு அந்த ஆளே வாயால சொல்லியிருப்பாரு. அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தேன். எதுக்குடி தொட்ட?"

"சும்மா. விளையாட்டுக்கு."

"விளையாட்டுன்னா நீ சிரிப்ப. மூக்கை இல்ல உறிஞ்சின?"

"அந்த ரூம்ல ஒரே தூசி அத்தை."

"ஓஹோ" என்றாள். "அந்த ஆள் எனக்குப் பழக்கமில்லன்னு சொன்ன உடனே பறந்து வந்த தூசியா?"