அறுபத்தோராம் பக்கத்து நிலா

டிசம்பர் 4: அச்சேறியது. 2,400 படிகள்.
ஏப்ரல் 27: விற்றவை 1,716. மீதி 684.
அதே நாள்: பக்கம் 61-இல் பிழை தெரிந்தது. விடுபட்ட வரி 1. அதனால் தவறான வரிகள் 23.
மே 14: அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாள்.
இடையில்: 17 நாட்கள்.

அச்சகத்தில் அவருக்கு அரைக்கலை என்று பட்டப்பெயர். ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு கலை. அந்தக் கலையில் பாதிக்காக அவர் ஒருமுறை முதலாளியோடு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுத்துக் கோப்பவர் அன்று வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் கிரகநிலை அட்டவணையை முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கணித்துத் தந்தவர் அவர்தான்.

அட்டவணையில் பக்கத்துக்கு மூன்று பத்திகள், ஓரத்தில் ஒரு கட்டம். முதல் பத்தி, வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகிற புள்ளியிலிருந்து வானத்தை எண்ணுகிறவர்களுக்கு. இரண்டாவது, நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறவர்களுக்கு. மூன்றாவது, நிலா ஒவ்வொரு நாளும் தங்கிப் போகும் இருபத்தெட்டு வீடுகளைப் பார்க்கிறவர்களுக்கு. ஓரக் கட்டம், ஆண்டுக்கு ஒரு விலங்கு என்று பன்னிரண்டு விலங்குகளைச் சுற்றி வருகிறவர்களுக்கு. நாலு தரப்பாருக்கும் ஒரே புத்தகம், ஒரே விலை.

ஜோசியத்தில் அவருக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. முதல் பத்தியில் சிங்கமாக இருப்பவன் இரண்டாவது பத்திக்குப் போனால் நண்டாகிவிடுகிறான். இரண்டு பத்தி ஜோசியர்களுக்கும் கல்லா நிறைகிறது. ஆனால் கணக்கின் மேல் அவருக்கு வெறி. பாபிலோனில் எழுநூறு ஆண்டுகளாக வானத்தைப் பார்த்துக் களிமண் பலகையில் எழுதி வைத்தவர்களைச் சொந்தச் சித்தப்பா, பெரியப்பாவைப் போலப் பேசுவார். கோள் எங்கே நின்றது, மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, பார்லி என்ன விலை என்று எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். அன்று அது ராஜாவுக்கு மட்டும் சொல்லப்பட்ட சேதி. கிரகணத்தால் ராஜாவுக்கு ஆபத்து என்று தெரிந்தால் வேறொருவனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டு ராஜா ஒளிந்துகொள்வான். பிற்பாடுதான் தனி மனிதர்களின் பிறப்புக்கும் பலன் சொல்லத் தொடங்கினார்கள். கிரேக்கர்கள் பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் புள்ளியைச் சேர்த்தார்கள். அரபு நாட்டார் எல்லாப் பக்கத்து நூல்களையும் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். "ஊர் ஊராப் போய்க் கடைசியில நம்ம அச்சகத்துல வந்து விழுந்திருக்கு" என்பார்.

அவரிடம் ஒரு கோளாறு உண்டு. அச்சான புத்தகத்தை அவர் திறந்து பார்க்கவே மாட்டார். கைப்பிரதி எழுதுவார், புரூப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. புத்தகம் அவருக்குக் கடைச் சரக்கு.

அக்கா இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தாள். கணவர் போய்ப் பதினோரு ஆண்டு, பிள்ளைகள் இல்லை. தம்பிக்கு ஐந்து வயது மூத்தவள். குடலில் ஒரு கட்டி வளர்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் அம்மா மே 14-ஐக் கொடுத்திருந்தார். ஏப்ரல் 27 காலையில் அவர் கடைக்குப் போனபோது அக்கா சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் மேல் அட்டவணைப் புத்தகம் விரிந்து கிடந்தது.

"டேய், ஆபரேஷன் தேதியை மாத்தச் சொல்லப் போறேன்."

"ஏன்?"

"பதினாலாம் தேதி ஆகாதாம். ஜோசியர் சொல்லிட்டாரு. அன்னைக்கு நிலா கன்னியில நிக்குது. கன்னின்னா வயிறு. நிலா நிக்கிற உறுப்புல இரும்பு படக் கூடாது."

அந்த விதி அவருக்குத் தெரியும். தலைக்கு ஆடு, மார்புக்கு நண்டு, வயிற்றுக்குக் கன்னி, பாதத்துக்கு மீன் என்று மனித உடம்பையே பன்னிரண்டாகப் பங்கு போட்டு, ரத்தம் எடுக்கிறவர்களும் கத்தி வைக்கிறவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துத் தொழில் செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் அக்காவின் தையல் மெஷின் வரைக்கும் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தைப் பிடுங்கினார்.

மே 14, நண்பகல். நிலா: கன்னி 7 பாகை 19 கலை.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும். அது பதினைந்தாம் தேதியின் எண். விரலை வைத்து வரி வரியாக மேலே போனார். எட்டாம் தேதி சரி. ஒன்பதாம் தேதிக்கு நேரே பத்தாம் தேதியின் கணக்கு. அங்கிருந்து மாதக் கடைசி வரைக்கும் நிலா ஒரு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது தப்பு. பதினாலாம் தேதி நிலா சிம்மத்துல, 24 பாகை 11 கலை. ஆபரேஷன் முடிஞ்சு நீ கண்ணு முழிச்ச அப்புறம்தான் கன்னிக்கே போகும்."

"புத்தகத்துல தப்பா?"

"ஆமா."

"உன் புத்தகத்துலயா?" அக்கா சிரித்தாள். "என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறதுக்கு நீ நிலாவையே தள்ளி வைப்படா."

"சரி, தப்பாவே இருக்கட்டும். ரெண்டாவது பத்தியைப் பாரு. அதுல நிலா இன்னும் சிம்மத்துலதான் நிக்குது. அந்தக் கணக்குப்படி போய்ப் படு."

"அது அவங்க கணக்கு. என் ஜோசியர் முதல் பத்தி."

"ஒரே நிலாதான் அக்கா!"

"அப்ப எதுக்குடா ரெண்டு பத்தி போட்ட?"

முப்பத்து நான்கு ஆண்டுகளில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. அக்கா காஜாவை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். "அச்சகத்து முத்திரையோட, தப்புன்னு அச்சடிச்சுக் கொண்டுவா. ஒத்துக்கறேன். நீ வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன். சின்ன வயசுலயே நீ ஜெயிக்கறதுக்குப் பொய் சொல்லுவ."

எழுத்துக் கோப்பவர் நேரடியாகவே ஒப்புக்கொண்டார். ஒன்று முதல் முப்பத்தொன்று வரையிலான தேதிகளை மட்டும் கோத்து, கட்டிய பட்டையாக எடுத்து வைத்திருப்பார். ஒவ்வொரு மாதத்துக்கும் அதே பட்டை. அதன் பக்கத்தில் எண்களின் வரிகளை அடுக்கினால் வேலை மிச்சம்.

"மெஷினுக்குத் தூக்கிட்டுப் போறப்ப ஒரு வரி கீழ கொட்டிப் போச்சு அண்ணே. இடைவெளி தெரியக் கூடாதுன்னு மத்ததை மேல ஏத்திட்டேன். அடியில ஒரு இடம் காலியா நின்னுச்சு. அடுத்த பக்கத்து முதல் வரியையே இன்னொரு தரம் கோத்து அங்க வச்சேன். பாக்க லட்சணமா இருந்துச்சு."

"லட்சணமா இருந்துச்சா?"

"நீங்க புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தா டிசம்பர்லயே தெரிஞ்சிருக்கும்" என்றார் கோப்பவர். அது உண்மை என்பதால் அரைக்கலைக்கு இன்னும் கோபம் வந்தது.

முதலாளியின் அறையில் மீதிப் படிகள் சுவரோரமாகக் கட்டுக் கட்டாக இருந்தன. பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து, முத்திரை குத்தி, வாங்கியவர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்றார் அரைக்கலை. முதலாளி விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"அனுப்பலாம். இந்த 684-ம் போகட்டும், அனுப்பலாம்."

"அதுக்குள்ள மே மாசமே போயிடும்."

"போனா என்ன? மே மாசத்துல நிலா எங்க நின்னா யாருக்கு என்னய்யா? நீங்களே இதெல்லாம் உளறல்னு சொல்ற ஆளு."

"கணக்கு உளறல் இல்ல."

"தப்புன்னு நானே எழுதிக் கொடுத்தா வித்த 1,716-ம் திரும்பி வரும். உங்க அக்கா ஒருத்திக்காக நான் கடையை மூடணுமா?"

அரைக்கலை மேஜையில் ஓங்கித் தட்டினார். கடலுக்கு அப்பால் மாயா மக்கள் வெள்ளிக் கோளுக்கு ஓர் அட்டவணை எழுதினார்கள். காலம் போகப் போகக் கணக்கு விலகும் என்று தெரிந்து, எங்கே எத்தனை நாளைக் கழிக்க வேண்டும் என்ற திருத்தத்தையும் அதிலேயே எழுதி வைத்தார்கள். சீனத்து அரண்மனையில் வானத்தைப் பார்க்கவென்றே அதிகாரிகள் இருந்தார்கள். கணக்கு பிசகினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். "அவனுங்க கடவுளுக்குப் பயந்து திருத்தினானுங்க, ராஜாவுக்குப் பயந்து திருத்தினானுங்க. உங்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் கசக்குது!"

"நீங்க நல்லாப் பேசறீங்க" என்றார் முதலாளி. "அடுத்த வருஷத்துக் கைப்பிரதி எந்த அளவுல இருக்கு?"

மறுநாள் அரைக்கலை அக்காவின் ஜோசியரிடம் போனார். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜோசியர் மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அரைக்கலை கொண்டுபோன கணக்குத் தாள்கள் பதினாறையும் வரிசையாகப் பார்த்தார்.

"உங்க கணக்கை நான் சந்தேகப்படல சார். நாலு பேரு வந்து கேட்டா நான் எதைக் காட்டறது? அச்சுல இருக்கறதைத்தான் காட்ட முடியும்."

"பேனாவால திருத்திக்குங்க."

"பேனாவால நிலாவைத் திருத்தினவன்னு பேரு வரும். அப்புறம் என் வாசல்ல யாரு நிப்பாங்க?"

"நீங்க என்னைக்காவது மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்திருக்கீங்களா?"

"எதுக்கு சார்? அதான் உங்க புத்தகம் இருக்கே."

அரைக்கலை படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார். எழுநூறு ஆண்டு ஒருவர் பின் ஒருவராக அண்ணாந்து பார்த்து எழுதினார்கள். அந்த எழுத்து வந்த பிறகு இங்கே ஒருவனுக்கும் கழுத்தைத் தூக்க மனமில்லை. அவரும் எத்தனை ஆண்டாக மேலே பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அதை நினைத்ததும் கோபம் இருமடங்கானது.

மே 11 அன்று முதலாளி வெளியே போயிருந்த சமயம் பார்த்து எழுத்துக் கோப்பவர் தாமாகவே சீட்டை அடித்துக் கொடுத்தார். பக்கம் 61, தவறு, சரி, எல்லாம் அச்செழுத்தில். முத்திரை முதலாளியின் மேஜைக்குள் பூட்டியிருந்தது. மறுநாள் அக்கா அந்தச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"முத்திரை எங்க?"

"அக்கா, அச்சடிச்சது கண்ணுக்குத் தெரியலையா?"

"கல்யாணப் பத்திரிகையும்தான் அச்சடிக்கிறாங்க. முத்திரை எங்கடா?"

அவர் கத்தினார். கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண் பயந்து வெளியே போனாள். "கட்டிக்கு எந்தப் பத்தியும் தெரியாது! அது பாட்டுக்கு வளருது!" அக்கா கத்தரியை எடுத்துத் துணியை வெட்டத் தொடங்கினாள். அவளும் கோபக்காரிதான், கத்தினால் மட்டும் இறங்க மாட்டாள்.

மே 14 போனது. மருத்துவர் அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்க வேணாம்னு சொன்ன இடத்துக்கு வேற ஆளு வந்தாச்சு. இனிமே ஜூன் பதினெட்டுதான்" என்றார்.

ஜூன் 18 அன்று நிலா எந்தப் பத்தியிலும் எந்தத் தொல்லையும் தராத இடத்தில் இருந்தது. ஜோசியர் மிக நல்ல நாள் என்று சொல்லியிருந்தார். மருத்துவர் அம்மா திறந்து பார்த்தார். பரவியிருந்தது. எதையும் எடுக்காமல் மூடித் தைத்துவிட்டு, நாற்பதாவது நிமிடமே வெளியே வந்துவிட்டார். ஐந்து வாரத்துக்கு முன்னால் என்றால் எடுத்திருக்கலாமா என்று அரைக்கலை கேட்டார். "எடுத்திருக்கலாம்னுதான் நினைக்கறேன்" என்றார் மருத்துவர் அம்மா.

இரண்டாம் நாள் அக்காவுக்குப் பேச்சு வந்தது. போர்வையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். "என்னடா தையல் இது? முதல் நாள் வேலைக்கு வந்தவ தைச்ச மாதிரி இழுத்துக் கட்டியிருக்கு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வாரமாக அடக்கியிருந்த எல்லாவற்றையும் கொட்டினார். முட்டாள் என்றார். படித்தும் புத்தியில்லாதவள் என்றார். என் பேச்சைவிட ஒரு ரப்பர் முத்திரை உனக்குப் பெரிதா என்றார்.

அக்கா முழுவதையும் கேட்டாள். "ஜோசியரை நான் பெருசா நம்பலடா. உன் புத்தகத்தை நம்பினேன். முப்பத்தி நாலு வருஷம், கண்ணு போக நீ போட்ட கணக்கு. அதுல ஒரு தப்பு இருக்கும்னு எனக்கு எப்படிடா தோணும்? அதுக்குப் போய்த் திட்டறியே."

அவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் நின்றார். மாலையில் அச்சகத்துக்குப் போய், நாற்பதாவது பக்கம் வரை முடித்திருந்த அடுத்த ஆண்டின் கைப்பிரதியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதலாளி வாசல் வரை பின்னால் வந்தார்.

"கோபத்துல முடிவு எடுக்காதீங்க."

"வேற எதுல எடுக்கறது?"

அதன் பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை. ஏழு வாரம் அக்காவின் வீட்டிலேயே தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆகஸ்ட் 9, காலை 6 மணி 20 நிமிடத்துக்கு அக்கா இறந்தாள்.

கடைசிப் படி ஆகஸ்ட் 17-இல் விற்றது. மறுநாளே முதலாளி பிழைதிருத்தச் சீட்டுகளை அனுப்பினார், தபாலில் புத்தகம் வாங்கிய எல்லோருடைய விலாசத்துக்கும். மே மாதத்து நிலாவில் ஒரு வரி பிசகிவிட்டது, வருந்துகிறோம் என்று நல்ல தாளில், ஊதா மையில் முத்திரை குத்தி, அவர்களோடு சேர்த்து அக்காவின் பெயருக்கும் ஒன்று. அது வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 22.